சேதி சுமக்கிற வேலை: நடுவிலிருந்து நுனிக்கு

ஒரு சேதியைப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும் என்றால் அதைப் பத்துத் தடவை சொல்ல வேண்டியவர் யார்? சேதிக்குச் சொந்தக்காரரா, வழியில் நிற்பவரா, இல்லை ஏற்கெனவே கேட்டவர்களா? கம்ப்யூட்டர் வலையமைப்புத் துறையில் 1985 தொடங்கி ஓயாமல் சண்டை நடந்த கேள்வி இது. அவர்கள் அதைப் பொறியியல் கேள்வியாக மட்டுமே பார்த்தார்கள். நாமோ அதைப் பார்க்கவே இல்லை. மையம், விளிம்பு, மையம் தகர்த்தல் என்று தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தபோது, மையத்தில் இருந்த ஒரு வேலையை விளிம்புக்கு இறக்கிவிடலாமா கூடாதா என்ற நிஜமான தகராறு வேறொரு மூலையில் நடந்துகொண்டிருந்தது. அந்த வரலாற்றை ரெட்டிபாளையத்துப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கம்பியும் கம்ப்யூட்டரும் வருவதற்கு முன்னால் சேதியை யார் சுமந்தார்கள் என்பதை மறக்காமல் பேசலாம்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமி அது. வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்ட் ஆலையை வைத்துத்தான் அந்தப் பெயர் தெரியும். 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர் மாவட்டம், 2001இல் கொஞ்ச நாள் அரியலூர் மாவட்டம், மறுபடி பெரம்பலூர், 2007இலிருந்து திரும்பவும் அரியலூர். கலெக்டர் ஆபீஸ் எந்தத் திசை என்பதே அடிக்கடி மாறிய ஜனங்களுக்கு மையம் என்பது நிலையானதல்ல என்று தெரிதா வந்து சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்து ஊர்களில், தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களைப் போலவே, சேதி பரவ இரண்டு வழி இருந்தது. ஒன்று தண்டோரா. வரி கட்டச் சொல்லி, ஏரி மீன் ஏலம் சொல்லி, திருவிழாக் காப்புக் கட்டு சொல்லித் தெருத்தெருவாகத் தமுக்கடித்துப் போவது. இது எல்லோருக்கும் பொது, காதுள்ளவன் கேட்டுக்கொள்ளட்டும் என்பது. இன்னொன்று சாவுச் சேதி. இது ஊருக்குப் பொது அல்ல. பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி, பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் என்று ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். அந்தக் கூட்டம் நாலு திசையில் சிதறிக் கிடக்கும். பொழுது சாய்வதற்குள் சொல்லியாக வேண்டும், பிணம் காத்திருக்காது. ஒருத்தனுக்கும் அல்ல, ஊருக்கும் அல்ல, ஒரு குழுவுக்கு. இதைத்தான் அந்தத் துறைக்காரர்கள் மல்ட்டிகாஸ்ட் என்கிறார்கள். குழுப்பரப்பல் என்று வைத்துக்கொள்வோம்.

தமுக்கடித்ததும் சாவுச் சேதி கொண்டு நடந்ததும் சேரியிலிருந்து வந்த ஆள். மறுக்க முடியாத வேலை. கூலி என்று தனியாக இல்லை, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்தான். அந்தப் பங்குக்குக் 'களத்துச் சுதந்திரம்' என்று பெயர் இருந்தது. சுதந்திரம் என்ற சொல் 1947இல் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருவதற்கு முன்பு கட்டாயச் சேவகத்துக்கு வீசப்படும் தானியத்தைக் குறித்துவந்தது என்பதைத் தமிழ் எம்.ஏ. வகுப்பில் யாரும் நடத்துவதில்லை. மகாராஷ்டிரத்தில் மகர்களின் கதையும் இதே. வெளியூர் உறவுக்காரர்களுக்குச் சாவு சொல்லப் போவது அவர்களுடைய வத்தன் கடமைகளில் ஒன்று. அந்த வத்தன் முறையை எதிர்த்து 1928இல் பம்பாய் சட்டமன்ற மேலவையில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். முறை சட்டப்படி ஒழிந்தது 1958இல், அவர் இறந்த பிறகு.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பொறியியல் புத்தகத்தில் 'வழியிலுள்ள சாதனம் நகலெடுக்கும்' என்று சாதாரணமாக ஒரு வரி வரும். அந்த இடத்தில் நமக்கு ஓர் ஆள் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

இனி கம்பிக்கு வருவோம். சென்னையில் ஒரு கூட்டம் நடக்கிறது, அதன் படமும் பேச்சும் நேரடியாக இணையத்தில் போகிறது என்று வையுங்கள். ரெட்டிபாளையத்தில் மூன்று பேர், அரியலூரில் ஐந்து பேர், பெரம்பலூரில் இரண்டு பேர் பார்க்கிறார்கள். இணையம் பிறவியிலேயே தபால்காரத்தனமானது. ஒரு பொதி, அதன்மேல் ஒரு விலாசம். ஆகவே பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும் என்றால் சென்னைக் கம்ப்யூட்டர் ஒரே விஷயத்தைப் பத்து நகல் எடுத்துப் பத்து விலாசம் எழுதி அனுப்புகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் கம்பியில் அச்சு அசலாக ஒரே பொதி பத்துத் தடவை ஓடுகிறது. படத்துக்கு விநாடிக்கு ஐநூறு கிலோபிட் என்றால் பத்துப் பேருக்கு ஐந்து மெகாபிட், ஆயிரம் பேருக்கு ஐநூறு மெகாபிட். பார்ப்பவர் கூடக்கூடச் சொல்பவர் கழுத்து நெரிபடும். பெரிய முதலாளியால் தாங்க முடியும், நம்மைப் போன்ற ஆட்களால் முடியாது. பேச்சுரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கும், கம்பியில் இருக்காது.

இதற்கு ஸ்டீவ் டீரிங் ஒரு வழி சொன்னார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டனிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். 1985 டிசம்பரில் இருவரும் சேர்ந்து முதல் வரைவை வெளியிட்டார்கள். 1989இல் அது இணையத்தின் முறையான விதியாயிற்று, 1991இல் டீரிங்கின் ஆய்வேடாயிற்று. யோசனை எளிது. தனி ஆளுக்கு விலாசம் இருப்பதுபோல் குழுவுக்கும் ஒரு விலாசம் கொடுத்துவிடுவது. 224இல் தொடங்கி 239 வரையிலான எண்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டன. சொல்பவர் அந்த விலாசத்துக்கு ஒரே ஒரு நகல் அனுப்பினால் போதும். கேட்க விரும்புகிறவர் தன் பக்கத்து ரூட்டரிடம் 'நானும் இந்தக் குழு' என்று சொல்லிவைப்பார். வழியிலுள்ள ரூட்டர்கள் எங்கே பாதை பிரிகிறதோ அங்கே மட்டும் நகலெடுக்கும். சென்னையிலிருந்து அரியலூர் வரை ஒரு பொதி, அரியலூரில் பிரிந்து ரெட்டிபாளையத்துக்கு ஒன்று. எந்தக் கம்பியிலும் ஒரே விஷயம் இரண்டு தடவை ஓடாது.

டீரிங்கின் வடிவத்தில் அரசியலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. சொல்பவருக்குக் கேட்பவர் பட்டியல் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. அடுத்து, குழுவின் விலாசம் தெரிந்த எவரும் அந்தக் குழுவுக்குப் பேசலாம், உறுப்பினராகக்கூட இருக்க வேண்டாம். வாசற்காவல் கிடையாது. இதன் அழகு 1994 நவம்பர் 18 அன்று தெரிந்தது. டல்லாஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கச்சேரியில் சுமார் இருபது நிமிடத்தை இந்த வழியில் இணையத்தில் அனுப்பினார்கள், பெரிய விளம்பரத்தோடு. அதற்கு முன்பாக, யாரும் கூப்பிடாமலே, கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற பாட்டுக் கோஷ்டி அதே வழியில் நுழைந்து தங்கள் பாட்டைப் பாடிவிட்டது. உலகப் பிரசித்தி பெற்ற கச்சேரிக்கு உள்ளூர் கோஷ்டி தானாகவே முன்கச்சேரி. தடுக்க ஆளில்லை, ஏனென்றால் தடுக்கிற இடமே அந்த வடிவத்தில் இல்லை. இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த இருபது நிமிடம் ஸ்டோன்ஸுடையதல்ல.

ஆனால் ஒரு முரண் இருக்கிறது. இவையெல்லாம் நடந்தபோது உலகத்து ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழுவிலாசம் என்றால் என்னவென்றே தெரியாது. 1992 மார்ச்சில் சான் டியகோவில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் நடந்தது. அதன் பேச்சை மூன்று கண்டங்களில் இருபது இடங்களுக்குக் குழுப்பரப்பலாக அனுப்பிக் காட்டினார்கள். எப்படி? பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்த சாதாரண யுனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு நிரலைப் போட்டு, அவற்றுக்கிடையே பழைய தபால் வழியிலேயே சுரங்கம் தோண்டி, அந்தக் கம்ப்யூட்டர்களையே ரூட்டர் வேஷம் போட வைத்தார்கள். எம்போன் என்று அதற்குப் பெயர். நடுவில் நடக்க வேண்டிய வேலை முதன்முதலாக நடந்ததே நுனியில் இருந்த சில தன்னார்வலர்களின் மேசைமேல்தான். நடு தயாரானதும் இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். நடு தயாராகவே இல்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் நிறையச் சொல்வார்கள், அவை பொய்யுமல்ல. சாதாரண ரூட்டர் திசையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். குழுப்பரப்பல் என்றால் எந்தக் குழுவுக்கு எந்தப் பக்கம் ஆளிருக்கிறது என்று குழுவுக்குக் குழு ஞாபகம் வைக்க வேண்டும். குழுக்கள் பெருகினால் ஞாபகம் நிரம்பும். வழியில் பொதி தொலைந்தால் யார் திரும்ப அனுப்புவது, நெரிசல் வந்தால் எந்தக் கிளைக்காக வேகத்தைக் குறைப்பது என்பதற்கும் தெளிவான பதில் இல்லை. ஆனால் பெரிய காரணம் கணக்குப்பிள்ளையுடையது. இணையக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று வாங்கிக் கொடுக்கும் பொதிகளை எண்ணித்தான் காசு வாங்குகின்றன. குழுப்பரப்பலில் வாசலில் நுழைவது ஒரு பொதி, வீட்டுக்குள் போய் அது பத்தாயிரமாகப் பெருகும். நுழைந்ததற்கு வசூலிப்பதா, பெருகியதற்கா? யாரிடம்? சொல்பவரிடமா, கேட்பவரிடமா, பக்கத்துக் கம்பெனியிடமா? பட்டியல் யாரிடமும் இல்லாத குழுவுக்கு பில் போட முடியாது. டீரிங்கின் வடிவத்தில் ஜனநாயகமாகத் தெரிந்த அதே அம்சம்தான் வியாபாரத்துக்கு உதவாத அம்சமாயிற்று. காவல் வைக்க முடியாத பாதையில் சுங்கச்சாவடியும் வைக்க முடியாது.

அதனால் குழுப்பரப்பல் செத்துப்போனது என்று சொல்லிவிட முடியாது. மதில்சுவருக்கு உள்ளே நன்றாகவே வாழ்கிறது. ஒரே கம்பெனியின் கம்பிக்குள் ஓடும் தொலைக்காட்சிச் சேவையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கிறது. பங்குச் சந்தைக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நகலெடுக்கும் வரிசை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் நாட்டிலேயே கோடிக் கணக்கில் விலை போட்டுக் காட்டிய வழக்கு அது.

மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை 2010 வாக்கில் தன் கட்டடத்துக்குள்ளேயே தரகர்களின் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. விலை மாறும் ஒவ்வொரு கணமும் சேதி பக்கத்து அறையிலிருந்து உடனே கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே சேதி, ஒரே நேரத்தில் என்பது பேச்சு. ஆனால் சேதி போனது குழுப்பரப்பலாக அல்ல, தபால் வழியில், ஆளுக்கொரு நகலாக. ஆளுக்கொரு நகல் என்றால் யாருக்கோ முதல் நகல், யாருக்கோ கடைசி நகல். காலையில் எவன் முதலில் வந்து இணைப்பைப் போட்டுக்கொள்கிறானோ அவனுக்கு முதல் நகல். வித்தியாசம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு, ஆனால் அந்தத் தொழிலில் அது யுகம். முந்திக்கொண்டவர்கள் ஆதாயம் அடைந்தார்கள் என்ற புகார் 2015இல் வெளியே வந்தது. அதற்கு முன்பே, 2014இல், சந்தை இந்தச் சேதியைக் குழுப்பரப்பல் வழிக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. 2019 ஏப்ரலில் செபி, தேசியப் பங்குச் சந்தை 624.89 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் கட்ட வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் நமக்குத் தேவையான உண்மை அதற்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. பணம் புரளும் இடத்தில் 'நடுவே நகலெடுக்கட்டும், எல்லோருக்கும் ஒரே கணத்தில் போகட்டும்' என்பது நியாயத்தின் பெயரால் அமலாகிறது. ஊர்ச்சனம் புழங்கும் பொது இணையத்தில் அதே யோசனை கட்டுப்படியாகாது.

சரி, நடு மறுத்துவிட்டது. அப்புறம்?

2000 ஜூனில் பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் ஒரு கட்டுரை வாசித்தார்கள். யாங்-ஹுவா சூ, சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அங்கே போயிருந்த சஞ்சய் ராவ், இவர்களுடைய பேராசிரியர் ஹுய் ஜாங். ரூட்டர்களைக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், குழுவிலிருக்கும் கம்ப்யூட்டர்களே தங்களுக்குள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம். பொறுப்பு முழுவதும் நுனிக்கு. இதை அவர்கள் ஒரு பழைய கொள்கையின் பெயரால் செய்தார்கள். 1981இல் சால்ட்ஸர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் எழுதியது அது. நுனிகளால் சரியாகச் செய்ய முடிந்த வேலையை நடுவின் தலையில் கட்டாதே, நடு எளிமையாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். இணையம் வளர்ந்ததே இந்தக் கொள்கையால்தான் என்று அந்தத் துறையில் வேதவாக்குப்போலச் சொல்வார்கள். டீரிங்கின் குழுப்பரப்பல் அந்தக் கொள்கைக்கு ஒரு விதிவிலக்குக் கேட்டது. இவர்கள் விதிவிலக்கு வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் எழுதிய நிரலுக்குப் பெயர் நாரதா.

நமக்கு விளக்கம் தேவைப்படாத பெயர். ஆபீஸ் கிடையாது, வீடு கிடையாது, யாருடைய வேலைக்காரனும் கிடையாது, உலகத்துக்கு உலகம் சேதி கொண்டு போகிறவர். கலகம் மூட்டுகிறவர், அந்தக் கலகமும் நன்மையிலே முடியும் என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சேதி சுமப்பவர்களிலேயே போகிற இடத்திலெல்லாம் எழுந்து நின்று வரவேற்கப்பட்டவர் அவர் ஒருத்தர்தான். சாவு சொல்லப் போன ஆள் திண்ணைக்குக் கீழே நின்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இரண்டும் ஒரே வேலை. மூன்று உலகம் சுற்றியவருக்கு வீணை, மூன்று ஊர் நடந்தவருக்குத் தமுக்கு. பெயர் வைத்தவர்கள்மேல் குற்றமில்லை. கௌரவமான தூதன் ஒருவனைத் தேடினால் நம் மரபு கையில் எடுத்துக் கொடுப்பது நாரதரைத்தான், வெட்டியானை அல்ல.

நாரதா வேலை செய்த விதம் இது. குழுவிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்ற எல்லோருடைய பட்டியலையும் வைத்துக்கொள்ளும். தன் இருப்பை அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்கும், சத்தம் நின்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். முதலில் ஆளுக்குச் சில அண்டைவீட்டாரை வைத்து ஒரு கண்ணி பின்னப்படும். எந்த இணைப்பு வேகமானது, எது மந்தமானது என்று அளந்து பார்த்துக் கண்ணியைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். சேதி கிளம்பும்போது அந்தக் கண்ணியின்மேல் சொல்பவரை வேராக வைத்து ஒரு மரம் உருவாகும். நம் உதாரணத்தில், சென்னையிலிருந்து அரியலூர் நண்பர் ஒருவருக்கு ஒரு நகல். அவர் வாங்கி ரெட்டிபாளையத்தில் ஒருவருக்குத் தருவார், அவர் மற்ற இருவருக்கும். நடுவிலுள்ள ரூட்டருக்கு இதில் எதுவும் தெரியாது. அது வழக்கம்போல் தபாலைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இதற்கு விலை உண்டு, அதை அந்தக் கட்டுரைக்காரர்கள் மறைக்கவில்லை. நுனி என்பது நுனி. வீட்டுக்கு ஒரு கம்பிதான். ரெட்டிபாளையத்து ஆள் வாங்கிய பொதியை இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டும் என்றால், வந்த கம்பியிலேயே அது இரண்டு தடவை திரும்ப ஏறி வெளியே போக வேண்டும். ஒரே கம்பியில் ஒரே பொதி எத்தனை தடவை ஓடுகிறது என்பதை 'அழுத்தம்' என்று பெயரிட்டு அளந்தார்கள். நேராக வந்திருந்தால் ஆகும் நேரத்தைப்போல் சுற்றி வந்ததில் எத்தனை மடங்கு ஆயிற்று என்பது இரண்டாவது அளவு. ஆளுக்கொரு நகல் முறையைவிட அழுத்தம் வெகுவாகக் குறையும், டீரிங்கின் முறையைவிட அதிகம். தாமதம் கொஞ்சம் கூடும். எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் குழு சிறியதாக இருக்க வேண்டும், சில பத்து, மிஞ்சினால் சில நூறு பேர். பெரிய ஊர்வலத்துக்கு ஆகாது, கமிட்டிக் கூட்டத்துக்கு ஆகும்.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு நண்பர் இருப்பார். அவருக்குப் பத்துப் பிரதி கட்டாகப் போகும். ஆறு விற்கும், மூன்று இரவலாகச் சுற்றும், ஒன்று காணாமல் போகும், பணம் வரவே வராது. பதிவு பெற்ற பத்திரிகைக்குத் தபால் கட்டணச் சலுகை உண்டு. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டு வந்தவற்றுக்கு அதுவும் இல்லை, ஆகவே நண்பரின் தோள்பையே தபால்பை. அந்த நண்பருக்கு வேலை மாற்றலாகிவிட்டால் அந்த ஊரில் பத்திரிகையே நின்றுவிடும். நாரதாவின் பலவீனமும் இதுதான். நடுவில் இருக்கிற ரூட்டர் இரவு பகல் ஓடும். நுனியில் இருக்கிற ஆள் சாப்பிடப் போகும்போது மெஷினை அணைத்துவிட்டுப் போவார், அவருக்குக் கீழே தொங்கிய கிளை முழுக்க இருண்டுவிடும்.

இங்கேதான் நமது மையத் தகர்ப்புக் கதையாடலைக் கொஞ்சம் உலுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலை விளிம்புக்கு வந்துவிட்டது, ஆகவே அதிகாரமும் விளிம்புக்கு வந்துவிட்டது என்று நினைப்பது நம் வழக்கம். இந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நடு தன் கடமையைக் கைவிட்டதால்தான் நுனி அதைச் சுமக்க நேர்ந்தது. சுமக்கிற எல்லா நுனியும் சமமும் அல்ல. பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மாணவனுக்கு ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் ஒரே அகலம். 2005இல் பிஎஸ்என்எல் அகலப்பாட்டை நம் ஊர்களுக்கு வந்தபோது இறங்கும் பாதை ஒரு அகலம், ஏறும் பாதை அதில் ஒரு சிறு பங்கு. வாங்கத்தான் கம்பி, கொடுக்க அல்ல. வீட்டுக்கு வந்து சேர்கிற கம்பியின் வடிவமே 'நீ கேட்பவன், சொல்பவன் அல்ல' என்று முடிவு செய்துவிட்டது. 2016இல் ஜியோ வந்த பிறகு ரெட்டிபாளையத்தில் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் கைபேசிதான். கைபேசிக்கு வெளியிலிருந்து யாரும் நேராகக் கூப்பிட முடிகிற விலாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை, ஒரே விலாசத்துக்குப் பின்னால் கம்பெனி பலரைக் கூட்டமாக அடைத்து வைத்திருக்கிறது. நாரதாவின் அகராதிப்படி அந்தக் கைபேசி இலை. கிளையாக ஆக முடியாது.

நுனி வழி கொஞ்ச காலம் செழித்ததும் உண்மை. 2001இல் பிட்டோரண்ட் வந்தது, 2004இல் சீனாவில் பிபிலைவ் வந்தது. பார்ப்பவர்களே பரப்புபவர்களாகத் தொலைக்காட்சி ஓடியது. கார்னகி மெலன்காரர்களும் 2002 ஆகஸ்டில் தங்கள் ஊரில் நடந்த துறை மாநாட்டை இதே முறையில் ஒளிபரப்பிக் காட்டினார்கள். ஹுய் ஜாங் 2006இல் இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து கான்விவா என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஆனால் அந்தக் கம்பெனி பிற்காலத்தில் நிலைத்த தொழில் நுனிகளுக்கு நகலெடுக்கச் சொல்லித்தருவதல்ல. பெரிய நிறுவனங்கள் அனுப்பும் படம் பார்வையாளருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அளந்து சொல்வது. இதைத் துரோகம் என்று சொல்ல வேண்டியதில்லை. இடையில் உலகம் எங்கே போயிற்று என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

உலகம் போனது மூன்றாவது இடத்துக்கு. நடுவும் அல்ல, நுனியும் அல்ல, வாடகைக் கிடங்கு. 1998இல் தொடங்கிய அகமை போன்ற கம்பெனிகள் ஊருக்கு ஊர் இணையக் கம்பெனிகளின் கட்டடத்துக்குள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தன. படம் முதலில் அந்தப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து பழைய தபால் வழியில், ஆளுக்கொரு நகலாக, நம் கைபேசிக்கு. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு மெகாபிட் என்று மிகக் குறைத்துப் போட்டாலும் விநாடிக்கு 59 டெராபிட். ஒரே பந்து, ஒரே அடி, 5.9 கோடி நகல். 1985இல் டீரிங் எதை வீண் என்று சொன்னாரோ அதுவே இன்று தொழில். ஆளுக்கொரு நகல் என்றால் ஆளுக்கொரு விளம்பரம் ஒட்டலாம், ஆளுக்கொரு கணக்கு வைக்கலாம், வேண்டாத ஆளை மட்டும் அறுத்துவிடலாம். வீண் என்பது யார் பார்வையில் என்று கேட்டால் விடை வேறாகிவிடுகிறது.

இந்தக் கதையில் நுனி என்று இதுவரை கம்ப்யூட்டரைச் சொன்னோம். 2018இல் நம் நாட்டில் மனிதர்களே நுனிகளாக நகலெடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸப் சேதி கைமாறிக் கைமாறிப் போய், அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் கோயிலுக்குப் போக வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ஐந்து பேர். அதே மாதம் வாட்ஸப் கம்பெனி இந்தியாவில் ஒரு சேதியை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் தள்ள முடியாதபடி கட்டுப்படுத்தியது, 2019 ஜனவரியில் உலகம் முழுவதும். கொலையைத் தடுக்கத்தானே என்பார்கள். சரிதான். ஆனால் கிளை ஒன்றுக்கு ஐந்து என்று எண்ணை வைக்கிற அதிகாரம் எங்கே இருந்தது என்று பாருங்கள். நாம் ஏதோ கைக்குக் கை கொடுத்துப் பரப்புவதாக நினைக்கிறோம். குழுவுக்கு ஒரு சேதி போட்டால் நம் கைபேசி அனுப்புவது ஒன்று, அதை உறுப்பினர் தலைக்கு ஒன்றாக்கி அனுப்புவது அவர்களுடைய சர்வர். விரல் வேலை நமக்கு, நகல் வேலை சர்வருக்கு, பட்டியல் கம்பெனிக்கு. போராட்டக் குழு, வாசகர் வட்டம், தொழிற்சங்கம் எல்லாவற்றின் உறுப்பினர் பட்டியலையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு அதிகாரப் பரவலாக்கம் பற்றி அதே குழுவில் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். டீரிங்கின் குழுவில் பட்டியல் யாரிடமும் இல்லை. நாரதாவில் எல்லோரிடமும் இருந்தது. இதில் ஒருவரிடம் இருக்கிறது.

தமுக்கின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். சாவுச் சேதிக்குப் போன், குறுஞ்செய்தி, வாட்ஸப் என்று வந்தபோது அந்த நடை பெரும்பாலும் நின்றுபோயிற்று. பல ஊர்களில் தலித்துகள் பறையடிக்கவும் சாவு சொல்லவும் மறுத்து, அதற்காக அடியும் பட்டு, அதன்பிறகுதான் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெலிபோன் வந்ததால் விடுதலை வந்ததென்று எழுதினால் அது பொய்வரலாறு. தண்டோரா அதற்குப் பிறகும் இருந்தது, அரசாங்கக் காரியத்துக்கே இருந்தது. 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா போடுவதை இனிமேல் விட்டுவிட வேண்டும், அறிவிப்புகளுக்கு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று. அரியலூருக்கும் அந்தக் கடிதம் வந்திருக்கும், ரெட்டிபாளையத்துத் தெருக்களிலும் ஒலிபெருக்கி வண்டி போகும். அந்த வண்டியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு போக யாரை அனுப்புகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும்.